பழைய காரின் செல்ஃப்: கழுவிப் பூட்டுவதா, காயில் கட்டுவதா, புதுசு வாங்குவதா?

பழைய காரில் செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார், எடுக்கவில்லை என்றால் நம் பக்கத்தில் நான்கு யோசனைகள் வரும். இருக்கிற மோட்டாரையே கழற்றிச் சுத்தம் செய்து, கார்பனும் (சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கட்டை) புஷ்ஷும் (ஷாஃப்டைத் தாங்கும் வெண்கல வளையம்) மாற்றிப் பூட்டலாம். மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்பிக் காயில் கட்டி, அதாவது உள்ளே செம்புக் கம்பியைப் புதுசாகச் சுற்றி, வாங்கலாம். காயலான் கடையில் இன்னொரு வண்டியின் செல்ஃபைத் தேடிப் பிடிக்கலாம். இல்லையென்றால் இப்போது வருகிற சின்ன கியர் செல்ஃபை வாங்கி மாட்டிவிடலாம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் நிற்கும் ஆஸ்டின், மாரிஸ் மைனர், முதல் காலத்து அம்பாசடர் எல்லாவற்றுக்கும் இதே நான்குதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணம், வீட்டுப் படைப்பு என்று வருஷத்தில் சில தடவை மட்டும் வெளியே வரும் வண்டிக்கு முதல் வழியே போதும். பெரும்பாலும் அதுவே நல்லதும்கூட. ஆனால் அதைத் தீர்மானிப்பது நம் ஆசை இல்லை, மோட்டாருக்குள் சுற்றும் பாகமான ஆர்மேச்சரின் நிலைமை. அதைப் பார்க்க மோட்டாரை அவிழ்த்தாக வேண்டும். அவிழ்க்கும் முன்பே விலை பேசுகிறவர் கடைக்காரராக இருந்தாலும் பங்காளியாக இருந்தாலும், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள்.

முதலில், கோளாறு செல்ஃபில்தானா?

காரில் மிக அதிகக் கரண்ட் இழுக்கும் சாமான் செல்ஃப் மோட்டார்தான். 1200, 1500 சி.சி. இன்ஜினைச் சுற்ற 150 முதல் 200 ஆம்பியர் வரை சாதாரணமாகப் போகும். 200 ஆம்பியர் போகிற வழியில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் காணாமல் போய்விடும். 12 வோல்ட்டில் 2 வோல்ட் வழியிலேயே தின்றுபோனால் மோட்டார் முனகத்தான் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் பூட்டிய ஷெட்டில் நின்ற வண்டியில் பேட்டரி முனை பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். மின்வேதியியலுக்கென்றே 1953 முதல் சிக்ரி ஆராய்ச்சி நிலையம் இயங்கிவரும் காரைக்குடியில் இப்படிப் பூப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

சோதனைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். சும்மா இருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள். பேட்டரி முனையிலேயே 9.5-க்குக் கீழே விழுந்தால் முதல் சந்தேகம் பேட்டரி மேல். பேட்டரியில் 10-க்கு மேல் நின்று, செல்ஃபின் முனையில் 8 காட்டினால் இடையில் இருக்கும் கேபிளோ சுவிட்சோ திருடுகிறது. அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் கம்பத்திலும் மற்றதை செல்ஃபின் உடம்பிலும் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

இந்த எர்த் விஷயத்தை நம் ஆட்கள் அலட்சியம் செய்வார்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேசிஸுக்கும் நடுவே பின்னல் கம்பிப் பட்டை ஒன்று இருந்தால்தான் கரண்ட் திரும்பி வர வழி. புதுசாகப் பெயின்ட் அடித்து, பளபளவென்று வீட்டுக்கு வந்த வண்டியில் அந்தப் பட்டை பெயின்டுக்கு மேல் முடுக்கப்பட்டிருக்கும், அல்லது மாட்டவே மறந்திருப்பார்கள். அப்போது அவ்வளவு கரண்டும் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்தவுடன் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மோட்டாரைக் கழற்றும் வேலையே இல்லை. பெயின்டைச் சுரண்டி, பட்டையை முடுக்கினால் தீர்ந்தது.

சத்தமும் பாதிக் கதையைச் சொல்லிவிடும். ‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் ஓடி இன்ஜின் அசையாமல் நின்றால், மோட்டார் நன்றாக இருக்கிறது, பெண்டிக்ஸ் (திருகுப் புரியில் ஓடிவந்து இன்ஜினோடு பல்லைக் கோக்கும் பாகம்) ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘டக்’ என்று ஒரு தட்டு, அப்புறம் ஒன்றுமே இல்லை, விளக்கும் மங்குகிறது என்றால் பல்லில் சிக்கியிருக்கலாம். பல லூகாஸ் வகை மோட்டார்களில் பின்பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால் ஷாஃப்டின் சதுர முனை தெரியும். ஸ்பானர் போட்டுத் திருப்பினால் விட்டுவிடும். மூடி கைக்கு எட்டாத வண்டியில் டாப் கியர் போட்டு, முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கரகரவென்று பல் உரசினால் ஃப்ளைவீல் ரிங்கில், அதாவது செல்ஃபின் பல் மாட்டும் இன்ஜின் பக்கத்துப் பல் வளையத்தில், தேய்மானம். நான்கு சிலிண்டர் இன்ஜின் அணைக்கும்போது பெரும்பாலும் ரிங்கின் இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். பல்லும் அந்த இரண்டு இடத்தில்தான் அதிகம் தேயும். கியரில் போட்டு ஒரு அடி தள்ளிவிட்டு அடித்தால் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் நோய் ரிங்கில். எந்தப் புது செல்ஃபும் அதைக் குணப்படுத்தாது.

அவிழ்த்தால் என்ன தெரியும்

பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் மோட்டாரில் கை வைக்க வேண்டும். இறக்கியதும் நிறைய பேர் செய்வது, மொத்தமாக மண்ணெண்ணெய்த் தொட்டியில் முக்குவது. பெண்டிக்ஸை முக்கலாம், முக்கவும் வேண்டும். நம் செம்மண் தூசியும் பழைய கிரீஸும் சேர்ந்து திருகுப் புரியில் களிமண்ணாக அப்பியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரஷ் போட்டால் கழன்றுவிடும். ஆனால் ஆர்மேச்சரையும் கூட்டின் உள்சுவரில் நிற்கும் ஃபீல்டு காயிலையும் முக்கவே கூடாது. பருத்தி நாடாவும் வார்னிஷும் சுற்றிய பழைய காயில் எண்ணெயைக் குடித்துக்கொண்டால் அப்புறம் இன்சுலேஷன் நம்பிக்கை இல்லை. பெட்ரோல் தொட்டுப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். இன்னொன்று: கழுவிய பெண்டிக்ஸுக்கு கிரீஸ் போடாதீர்கள். போட்டால் ஆறே மாதத்தில் அதே களிமண். உலர்ந்தே ஓட வேண்டிய சாமான் அது.

இப்போது காலியான கூட்டுக்குள், ஃபீல்டு காயில்களுக்கு நடுவே, டார்ச் அடித்துப் பாருங்கள். ஈயத்துளிகள் வெள்ளிப் பொட்டாகச் சிதறி ஒட்டியிருக்கின்றனவா? யாரோ ஒரு காலத்தில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை விடாமல் அடித்திருக்கிறார்கள். மோட்டார் சூடேறி, ஆர்மேச்சர் கம்பிகளைக் கம்யூட்டேட்டரோடு (கார்பன் உரசும் செம்புப் பட்டை உருளை) சேர்க்கும் ஈயம் உருகித் தெறித்திருக்கிறது. இந்த அடையாளத்தைக் கண்டால் சந்தோஷப்படலாம். கம்பி கருகாமல் இருந்தால் மறுபடி ஈயம் வைத்தாலே பல மோட்டார்கள் எழுந்துவிடும். காயில் கட்டும் செலவே இல்லை. ஆர்மேச்சர் போய்விட்டது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லும் கடையில், ஈயம் விட்டதா கம்பி எரிந்ததா என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் சாமானை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

ஆர்மேச்சரின் இரும்பு முதுகில் பளபளவென்று தேய்ந்த கோடு தெரிந்தால் புஷ் போய், ஆர்மேச்சர் ஃபீல்டு இரும்பில் உரசியிருக்கிறது. புஷ் மலிவு, லேத்தில் போட்டுக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் கவனம்: நுண்துளையுள்ள வெண்கல புஷ்ஷை மாட்டும் முன் ஒரு நாள் முழுக்க இன்ஜின் ஆயிலில் ஊறவைக்க வேண்டும். அது குடித்துவைக்கும் எண்ணெய்தான் அதன் ஆயுசு. அவசரத்தில் உலர்ந்த புஷ்ஷைத் தட்டி இறக்குகிற கடைகள் இருக்கின்றன, கூடவே நின்று பாருங்கள்.

அப்புறம் கம்யூட்டேட்டர். பெட்ரோல் துணி, அதற்கும் போகாத கருமைக்கு மெல்லிய உப்புத்தாள். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்து கார்பனை அறுக்கும். ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் ஒரு மெல்லிய வெட்டு. செம்புப் பட்டைகளுக்கு நடுவே தெரியும் மைக்காவை, டைனமோவில் செய்வதுபோல் ஹாக்ஸா பிளேடால் தோண்டிவிடலாமா என்று காரைக்குடியில் ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். “நோண்டாதீங்க தம்பி, டைனமோவுக்குத்தான் அது. இதுல கார்பன்லயே செம்புத் தூள் இருக்கு, பள்ளத்துல போயி அடைச்சுக்கிட்டா ஷார்ட்டுதான்” என்றார். லூகாஸ் கையேடுகளும் செல்ஃபில் மைக்காவை வெட்டக் கூடாது என்றேதான் சொல்கின்றன.

கார்பன் சுமார் 8 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். நான்கையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. வெகுநாள் நின்ற வண்டியில் கார்பன் தேயாமலே கூட, கூட்டில் இறுகி, கம்யூட்டேட்டரைத் தொடாமல் நிற்பதுண்டு. பக்கவாட்டை லேசாகத் தேய்த்து, மேலும் கீழும் வழுக்கிப் போகிறதா என்று பார்த்தாலே மோட்டார் ஓடிவிடும். அந்த மாதிரி நேரத்தில் மொத்தச் செலவு ஒரு உப்புத்தாள்.

ஆர்மேச்சர் சோதனையில் மல்டிமீட்டரை நம்ப வேண்டாம். செல்ஃபின் காயில், பட்டை போன்ற தடித்த செம்பு. தடை அவ்வளவு குறைவு என்பதால் நல்லதுக்கும் ஷார்ட் ஆனதுக்கும் மீட்டர் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் காட்டும். ஷாஃப்டுக்கும் செம்புப் பட்டைக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் வைத்தால் எரியக் கூடாது. எரிந்தால் எர்த் ஆகிவிட்டது. காயிலுக்குள்ளேயே ஷார்ட்டா என்று பார்க்க காயில் கட்டும் ரீவைண்டிங் கடையில் இருக்கும் க்ரௌலர் என்ற கருவி வேண்டும். ஆர்மேச்சரை அதன் மேல் வைத்து, ஹாக்ஸா பிளேடு ஒன்றை மேலே பிடித்துச் சுற்றிக்கொண்டே வந்தால், ஷார்ட் இருக்கும் இடத்தில் பிளேடு ‘டர்ர்’ என்று அதிரும். இந்த இரண்டு சோதனையிலும் தேறிய ஆர்மேச்சருக்கு மற்ற மூன்று வழிகளைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

காயில் கட்டுவது

தேறாவிட்டால்தான் ரீவைண்டிங். செலவு நூறுகளிலிருந்து ஆயிரங்களுக்குத் தாவும் இடம் இது. தண்ணீர் மோட்டாருக்கு நன்றாகக் கட்டுகிற கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. காரின் செல்ஃபை அவர்களிடம் கொடுப்பதில் எனக்கு அவ்வளவு சம்மதம் இல்லை. பம்ப் மோட்டாரில் மெல்லிய கம்பி, நிறையச் சுற்று. இதில் பட்டைச் செம்பு, கொஞ்சம்தான் சுற்று, ஆனால் சுமை இல்லாமல் விட்டால் நிமிஷத்துக்கு ஏழெட்டாயிரம் சுற்றுக்கு மேல் போகும். கட்டு இறுக்கமாக இல்லையென்றால் அந்த வேகத்தில் கம்பி வெளியே விரிந்து ஃபீல்டைக் கிழித்துவிடும். வார்னிஷ் ஊற்றி அடுப்பில் சுடுவீர்களா, செல்ஃப் ஆர்மேச்சர் கட்டியிருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். லாரி, பஸ் செல்ஃப் கட்டுகிற கடையாக இருந்தால் நிம்மதி. ஃபீல்டு காயில் மட்டும் நாடா கிழிந்து எர்த் ஆகியிருந்தால், பழைய நாடாவை உரித்துப் புதுசு சுற்றி வார்னிஷ் போட்டாலே போதும், செம்பை மாற்ற வேண்டாம்.

நாள் கணக்கையும் பாருங்கள். அனுப்பி, வரிசையில் காத்திருந்து, திரும்பி வந்து மாட்ட வாரக் கணக்கில் ஆகலாம். முகூர்த்த மாதத்தில் கடைசி நேரத்தில் கொடுத்தால் மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி தள்ளித்தான் போகும்.

காயலான் கடைச் செல்ஃப்

அம்பாசடர் என்றால் இது உண்மையிலேயே நல்ல வழி. 1961 முதல் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் இருக்கிறது. அம்பாசடரும் பல பத்தாண்டுகள் ஓடியது. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் சாமான் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆஸ்டின் ஏ40-க்கு இதே தைரியத்தைச் சொல்ல மாட்டேன். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் அந்த வண்டியைப் பூட்டி விற்றது உண்மைதான், ஆனால் 1955-இல் கம்பெனி அசோக் லேலண்ட் ஆகி லாரிப் பக்கம் போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் லூகாஸ் மோட்டார் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கும். பல் எண்ணிக்கை, சுற்றும் திசை, போல்ட் துளைகளின் இடைவெளி, ஷாஃப்ட் நீளம் நான்கும் ஒத்துவந்தால்தான் வாங்க வேண்டும். உங்கள் பழைய மோட்டாரைக் கையோடு எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்மூர் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குவாளியும் தேக்குத் தூணும் பார்க்கலாம்; செல்ஃபுக்கு அங்கே அலைய வேண்டாம்.

கிடைத்த மோட்டார் ஓடினாலும், மேலே சொன்ன அவிழ்ப்பும் சோதனையும் அதற்கும் உண்டு. இன்னொருவர் வண்டியில் தேய்ந்த கார்பனைக் காசு கொடுத்து வாங்கிவந்திருக்கிறோம், அவ்வளவுதான். அதனால் இது தனி வழியே இல்லை என்றுகூடச் சொல்வேன்: ஆர்மேச்சர் மட்டும் தேவைப்படும்போது, அதை எடுத்து நம் கூட்டில் போட்டுக்கொள்ள நல்ல வழி.

கியர் செல்ஃப்

சின்ன மோட்டாரை வேகமாகச் சுற்றவிட்டு, உள்ளேயே கியர் வைத்து வேகத்தைக் குறைத்து வலுவாக மாற்றுகிற ஏற்பாடு. பழசைவிட எடை குறைவு, கரண்ட் குறைவு, பலவீனமான பேட்டரியிலும் இன்ஜினைச் சுறுசுறுப்பாகச் சுற்றும். சோலனாய்டு என்ற காந்த சுவிட்ச் முதலில் பல்லைப் பொருத்திவிட்டு அப்புறம் மோட்டாரை ஓட்டுவதால், பெண்டிக்ஸ் மாதிரி ரிங்கில் போய் மோதாது. இவ்வளவும் உண்மை. விற்கிறவர் இதோடு நிறுத்திக்கொள்வார்.

அவர் சொல்லாமல் விடுவது எர்த் விஷயம். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் வடிவ வண்டிகள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடம்போடு சேர்ந்தவை. பழைய செல்ஃபில் ஆர்மேச்சர், ஃபீல்டு இரண்டுமே காயில். பேட்டரியைத் திருப்பி மாட்டினால் இரண்டும் சேர்ந்து திரும்பும், அதனால் மோட்டார் அதே திசையில்தான் ஓடும். கியர் செல்ஃபில் பெரும்பாலும் ஃபீல்டுக்குப் பதில் நிரந்தரக் காந்தம். பாசிட்டிவ் எர்த்தில் மாட்டினால் பின்பக்கமாகச் சுற்றும். ஆகவே முதலில் வண்டியையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும்: பேட்டரியைத் திருப்ப வேண்டும், இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயர்களை இடம் மாற்ற வேண்டும், ஆம்மீட்டரின் ஒயர்களையும் அதேபோல் இடம் மாற்ற வேண்டும், டைனமோவின் ஃபீல்டு முனைக்குப் பேட்டரியிலிருந்து ஒரு கணம் கரண்ட் தொட்டுக் காந்தத் திசையைத் திருப்ப வேண்டும். பழைய ரேடியோ இருந்தால் அது வேறு. பெரிய வேலை இல்லை, ஆனால் செல்ஃப் மாற்றப் போய் வண்டி முழுக்கக் கை வைத்தாயிற்று.

இரண்டாவது, சுவிட்ச். டேஷ்போர்டில் குமிழை இழுத்தால் செல்ஃப் அடிக்கும் வண்டிகளில் தடித்த கேபிளே சுவிட்சுக்கு வந்து போகும். அதை அப்படியே விட்டு, புது செல்ஃபின் பெரிய முனைக்கும் சோலனாய்டின் சின்ன முனைக்கும் ஒரு துண்டு ஒயர் போட்டு இணைத்துவிடுகிறார்கள். குமிழை விட்ட பிறகும் காந்த மோட்டார் சுற்றிக்கொண்டே தானே கரண்ட் உண்டாக்கி, சோலனாய்டைச் சில நொடி பிடித்துவைக்கும். ஓடுகிற இன்ஜினில் பல் மாட்டியபடியே நிற்கும். கேபிளை நேரே செல்ஃபுக்குக் கொண்டுபோய், சோலனாய்டுக்குத் தனி ரிலே வைப்பதுதான் சரி.

மூன்றாவது ரிங். பெண்டிக்ஸ் வந்து நுழையும் பக்கத்தில்தான் பழைய ரிங்கின் பல் முனை சரிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். புது செல்ஃபின் பல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் சரிவில்லாத முனையில் இடிக்கும். உங்கள் இன்ஜினுக்கென்றே செய்த கியர் செல்ஃபில் இதைக் கவனித்திருப்பார்கள். ‘ஏறத்தாழ பொருந்தும்’ என்று கொடுப்பதில் கவனித்திருக்க மாட்டார்கள்.

50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021-இல் வந்த விதிப்படி வி.ஏ. வரிசை எண் வாங்க நினைப்பவர்கள், மாற்றினால் சிக்கலா என்று கேட்பார்கள். அந்த விதி பேசுவது சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்று. போல்ட்டில் கழலும் செல்ஃபுக்கு யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை என்பது என் எண்ணம். பழைய கார் கண்காட்சிக்குப் போனால் பானெட்டைத் திறந்து பார்க்கிற நடுவருக்குத்தான் அது உறுத்தும்.

6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு, அதாவது 1955-க்கு முந்தைய செவர்லே போன்றவற்றுக்கு, ஒரு வரி: 12 வோல்ட் பேட்டரி மாட்டினால் பழைய செல்ஃப் பறக்கும், ரிங் பல்லும் கூடவே பறக்கும். அதைச் செய்யாமல் கேபிளைத் தடிப்பாக்குங்கள். 12 வோல்ட் காரின் கேபிள் 6 வோல்ட்டுக்குப் போதாது.

யாருக்கு எது

ஷெட்டில் நிற்கும் வண்டி, ஆர்மேச்சர் நலம்: உள்ளூரிலேயே சுத்தம், கார்பன், புஷ். ஆர்மேச்சர் எரிந்துவிட்டது, நாள் இருக்கிறது: ரீவைண்டிங். நாள் இல்லை, வண்டி அம்பாசடர்: புதுப்பேட்டை. கையால் சுற்றிக் கிளப்பும் ஹேண்டில் போட இடமுள்ள வண்டி என்றால் அதையும் ஒரு தடவை போட்டுப் பழகிவையுங்கள். கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கம் இருக்கட்டும், கீழே அழுத்தாமல் மேல்நோக்கி இழுங்கள். இன்ஜின் திருப்பி அடித்தால் மணிக்கட்டு தப்பும்.

வண்டியைச் சென்னைக்கோ மதுரைக்கோ கொண்டுபோய் வாரா வாரம் ஓட்டப்போகிறவர், சிக்னலில் அணைந்தால் பின்னால் ஹார்ன் அடிக்கிற ஊரில் இருப்பவர், அவருக்குக் கியர் செல்ஃபே சரி. வாரிசுகள் நாலு பேர் சேர்ந்த வண்டியானால் எர்த் மாற்றுவதை எல்லோரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அடுத்த முறை யாராவது பழைய ஞாபகத்தில் பேட்டரியைப் பாசிட்டிவ் எர்த்தாக மாட்டினால் செலவு எல்லோருக்கும்தான். பானெட்டுக்குள் ‘நெகட்டிவ் எர்த்’ என்று பெயின்டில் எழுதிவையுங்கள்.

கழற்றிய பழைய செல்ஃபை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். லூகாஸ் சாமான் என்றால் கூட்டில் மாதமும் வருஷமும் குத்தியிருப்பார்கள்: ‘6 52’ என்றால் 1952 ஜூன். வண்டியின் வயதோடு ஒத்துவரும் அந்த முத்திரை உள்ள கூடு, ஓடாவிட்டாலும், வண்டியை விற்கும் நாளில் விலை பேசும். வாங்குபவரிடம் தனியாகக் காட்டிக் கொடுங்கள்.